வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

யானையை விலைக்கு வாங்குவது பெரிதன்று, அதனைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் நாட்டில் ஒரு வழக்கு உண்டு. யானையை மனத்திற் கொண்டு கூறப்பட்ட இவ்வுண்மை, மனிதன் விரும்பி வாங்கும் பொருள்கள் பலவற்றுக்கும் பொருந்துவதாகும். வாங்கும் விலையை ஒரே நாளில் எண்ணிக் கொடுத்து விடுகிறோம். வைத்திருக்கும் செலவோ ஆண்டுதோறும், மாதந்தோறும், சில வேளைகளில் நாள்தோறும் வாயிற்கதவைத் தட்டுகின்றது. இவ்வுண்மை மோட்டார் வண்டிகளின் வரலாற்றில் எவ்வாறு விளங்கிற்று என்பதை, இங்கிலாந்து நாட்டில் உருவாகிய இரண்டு புகழ்பெற்ற கார்களின் கதையைக் கொண்டு இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய எண்ணுகிறேன்.

அவ்விரு கார்களுள் ஒன்று ஜாகுவார் ஈ-ரைப், மற்றையது எம்.ஜி.பி. இரண்டும் ஸ்போட்ஸ் கார் என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தவை. குடும்பத்தோடு கோயிலுக்கோ சந்தைக்கோ செல்வதற்கு இவை உதவமாட்டா. இருவர் அமர்ந்து, கூரையை மடித்து வைத்து, காற்று முகத்தில் மோத வளைந்து செல்லும் வீதிகளில் ஓடி மகிழ்வதற்கென்றே இவை அமைந்தன. புதியனவாக இருந்த காலத்தில் இவற்றுள் எதனை வாங்குவது என்ற ஐயம் எவருக்கும் எழுந்திராது. ஏனெனில், ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போல் இருமடங்குக்கும் அதிகம். ஆனால் ஆண்டுகள் சில கழிந்து, இரண்டும் பாவித்த கார்களாகக் கைமாறத் தொடங்கியபோது, ஒரே தொகைக்கு இரண்டில் எதனையும் வாங்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. அப்போது தான் வாங்குபவனுடைய அறிவு உண்மையாகச் சோதிக்கப்பட்டது.

இக்கதையைத் தொடங்குமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் நலம். வைத்திருக்கும் செலவு என்பது ஒரு நாட்டின் கார்களுடைய உருவத்தையே மாற்றிவிட வல்லது என்பதற்கு இங்கிலாந்தின் பழைய வரிச் சட்டம் ஒரு சிறந்த சான்றாகும். 1921ஆம் ஆண்டு தை மாதம் முதல் அந்நாட்டில் கார்களுக்குக் குதிரைவலு வரி விதிக்கப்பட்டது. ஒரு குதிரைவலுவுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு பவுண் என்பது கணக்கு. இங்கே குதிரைவலு என்பது இயந்திரம் உண்மையாகத் தரும் வலுவைக் குறிக்கவில்லை. இயந்திரத்தின் உருளையினுடைய விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, உருளைகளின் தொகையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுத்து வரும் எண்ணே வரிக்குரிய குதிரைவலு எனக் கொள்ளப்பட்டது. உருளையின் நீளம் கணக்கிற் சேரவில்லை. ஆகவே ஆங்கிலேய உற்பத்தியாளர் விட்டத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டி, ஒடுங்கி நீண்ட உருளைகளையுடைய இயந்திரங்களைச் செய்யலாயினர். வரி வசூலிக்கும் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு சூத்திரம் தொழிற்சாலையில் வார்க்கப்படும் இரும்பின் வடிவத்தைத் தீர்மானித்தது.

அக்காலத்தில் பென்ற்லி என்னும் பெருங்கார் இங்கிலாந்தின் பெருமையாக விளங்கிற்று. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் பென்ற்லி கார்கள் வெற்றி பெற்றன. இவ்வளவு புகழ் இருந்தும் அக்கம்பனி 1931இல் முறிந்து றோல்ஸ்-றோய்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. செல்வர்கள் வாங்கிய அந்தப் பெருங்கார்கள் பொருளாதார மந்த காலத்தில் விலை வீழ்ந்து, நடுத்தர வருவாயுடைய இளைஞரின் கைக்கும் எட்டக்கூடியனவாயின.

அதே வேளையில் எம்.ஜி. நிறுவனம் 1928ஆம் ஆண்டில் மிட்ஜெற் என்னும் சிறிய ஸ்போட்ஸ் காரை வெளியிட்டிருந்தது. மொறிஸ் மைனர் என்னும் எளிய காரின் உறுப்புக்களைக் கொண்டு அது செய்யப்பட்டது. நம் நாட்டு வீதிகளில் நேயர்கள் கண்டு பழகிய மொறிஸ் மைனர் 1948இல் தோன்றியது. நான் கூறுவது அதே பெயரைத் தாங்கிய முந்திய வண்டியை. மிட்ஜெற்றின் இயந்திரம் 847 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. விலை 175 பவுண். வரிக் கணக்கில் அது எட்டுக் குதிரைவலு. நாலரை லீற்றர் பென்ற்லியோ ஏறக்குறைய இருபத்தைந்து குதிரைவலு. எனவே முன்னதற்கு ஆண்டு வரி 8 பவுண், பின்னதற்கு 25 பவுண். வேறுபாடு 17 பவுண். இது புதிய மிட்ஜெற் ஒன்றின் விலையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பழைய பென்ற்லியை மலிவாக வாங்கி விட்டோம் என்று மகிழ்ந்தவன், காரை அசைக்காமல் கொட்டிலில் வைத்திருந்தாலும் அல்லது வீதியில் ஆயிரம் மைல் ஓடினாலும், வரிப்பத்திரம் எடுத்த ஆண்டுக்கு அத்தொகையை இறுத்தே ஆகவேண்டும். எரிபொருளும், ரயரும், பழுதுபார்ப்பும் வேறு.

இக்குதிரைவலு வரி 1935இல் குதிரைவலுவுக்குப் பதினைந்து சிலிங்காகக் குறைக்கப்பட்டு, 1940இல் இருபத்தைந்து சிலிங்காக உயர்த்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அம்முறை கைவிடப்பட்டு, 1948 முதல் புதிதாகப் பதியப்பட்ட கார்களுக்கெல்லாம் ஒரே சீராகப் 10 பவுண் வரி விதிக்கப்பட்டது. சிறிய காரும் பெரிய காரும் அரசாங்கத்தின் கண்ணில் சமமாயின. அகன்ற உருளைகளையுடைய பெரிய இயந்திரங்களைச் செய்வதற்கு இருந்த தடை நீங்கிற்று. அமெரிக்கச் சந்தையை நாடி ஏற்றுமதி செய்யவேண்டிய கட்டாயமும் அன்று இருந்தது. ஜாகுவார் நிறுவனத்தின் எக்ஸ்.கே. என்னும் ஆறு உருளை இயந்திரம் அதே 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈ-ரைப்பின் உள்ளே பின்னர் முழங்கியது அதே குலத்து இயந்திரந்தான்.

1961ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் ஈ-ரைப் உலகின் முன் வைக்கப்பட்டது. காட்டுவதற்குக் கொண்டு சென்ற கார் போதவில்லை. இன்னொன்று வேண்டும் என்று செய்தி வந்ததும், கொவென்றி நகரிலிருந்து நோமன் டூவிஸ் என்னும் பரிசோதனைச் சாரதி இரவிரவாக ஓட்டிச் சென்று இரண்டாவது காரைச் சேர்ப்பித்தார். அதன் உருவத்தை வரைந்தவர் மல்கம் சேயர். விமானத் தொழிற்சாலையில் பணியாற்றி, காற்றின் ஓட்டத்தைக் கணித்து உருவம் அமைக்கும் கலையில் வல்லவராக ஜாகுவாருக்கு வந்தவர் அவர். 3.8 லீற்றர் இயந்திரம், மூன்று காபரேற்றர்கள், மணிக்கு 150 மைல் வேகம்; இவ்வளவும் ஏறக்குறைய 2,100 பவுணுக்குக் கிடைத்தன. அவ்வேகத்தில் ஓடக்கூடிய பிற கார்கள் அக்காலத்தில் அதன் இருமடங்கு விலைக்கு விற்றன. ஆகவே ஈ-ரைப் புதிதாகவே மலிவான கார் என்று பேசப்பட்டது. இப்பேச்சு பின்னாளில் பலரை ஏமாற்றியதைப் பார்ப்போம்.

மறு ஆண்டு, 1962 புரட்டாதியில், அபிங்டன் என்னும் சிற்றூரின் தொழிற்சாலையிலிருந்து எம்.ஜி.பி. வந்தது. சிட் எனெவர் என்பவர் அதன் தலைமைப் பொறியியலாளர். அதில் வியப்பூட்டும் புதுமைகள் மிகுதியாக இல்லை. 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு உருளை இயந்திரம், இரண்டு காபரேற்றர்கள், மணிக்கு நூறு மைலைச் சற்றே தாண்டும் வேகம், வரியுட்பட ஆயிரம் பவுணுக்குட்பட்ட விலை. அவ்வியந்திரம் பி வரிசை என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய சாதாரணக் கார்களை இழுத்துச் சென்றதும் அக்குடும்பத்து இயந்திரமே. இந்திய வீதிகளில் 2014 வரை உற்பத்தியாகி வந்த அம்பாசிடர் கார் நெடுங்காலம் தாங்கியிருந்ததும் அதே குடும்பத்தின் 1,489 கன சென்ரிமீற்றர் இயந்திரமேயாகும். சென்னைத் தெருக்களில் வாடகைக் கார் ஓட்டியவரும், அபிங்டனில் செய்த ஸ்போட்ஸ் காரை ஓட்டிய ஆங்கிலேயரும், இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் ஒரே குடும்பத்து முகத்தையே கண்டிருப்பர்.

இனி, 1970ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் ஓர் அலுவலகத்திற் பணிபுரியும் இளைஞனைக் கற்பனை செய்து கொள்வோம். சம்பளத்தில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறான். பாவித்த கார் விற்கும் இடத்தில் இரண்டு கார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று ஏழெட்டு ஆண்டு பழைய ஈ-ரைப்; மூன்று நான்கு கைகள் மாறி வந்தது. மற்றையது அதனிலும் இளைய எம்.ஜி.பி. விலைச் சீட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இளைஞனின் கண் எதன்மேற் செல்லும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நீண்டு தாழ்ந்த அந்த முன்பகுதியும், மூன்று காபரேற்றர்களும், 150 என்னும் எண்ணும் அவனை அழைக்கின்றன. ஒரு காலத்தில் 2,100 பவுண் பெறுமதியான கார் இன்று தன் கைக்காசுக்குக் கிடைக்கிறது என்று அவன் எண்ணுகிறான்.

அவ்வெண்ணத்தில் ஒரு பிழை மறைந்திருக்கின்றது. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்குவதில்லை. விலை இறங்கிய காருக்கு என்று விலை இறங்கிய பிறேக்குத் தட்டு விற்கும் கடை எங்கும் இல்லை. அதனைத் திறந்து பார்க்கும் தொழிலாளியும், காரின் வயதைப் பார்த்துத் தன் கூலியைக் குறைப்பதில்லை. காரின் வயது கூடக் கூட அவனுடைய வேலை நேரமே கூடுகின்றது. ஆகவே 500 பவுணுக்கு வாங்கினாலும் அது 2,100 பவுண் காராகவே செலவு கேட்கும். இஃது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. எந்நாட்டிலும் பாவித்த பொருளை வாங்குவோர் நெஞ்சில் இருத்த வேண்டிய முதற்பாடம்.

அப்பாடத்தை இரு கார்களின் அமைப்பிலேயே காணலாம். வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தல் என்னும் சிறு வேலையை எடுத்துக் கொள்வோம். எம்.ஜி.பி.யில் மேல்மூடியைக் கழற்றி, ஒரு சாவியும், ஒரு திருப்புளியும், இடைவெளி அளக்கும் தகடும் கொண்டு ஒருவன் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அதனை முடித்து விடலாம். ஈ-ரைப்பின் எக்ஸ்.கே. இயந்திரத்தில் வால்வுகளை இயக்கும் தண்டுகள் இரண்டு மேலே உள்ளன. இடைவெளி பிழையாயின், அத்தண்டைக் கழற்றி, கீழே இருக்கும் சிறு வட்டத் தகட்டை எடுத்து, வேண்டிய தடிப்புள்ள வேறொன்றை வைத்து, மீண்டும் பூட்டி அளக்க வேண்டும். இயந்திர எண்ணெயோ எம்.ஜி.பி. கொள்வதுபோல் ஏறக்குறைய இருமடங்கு. சீர்செய்ய வேண்டிய காபரேற்றர்கள் இரண்டுக்குப் பதிலாக மூன்று.

பின்சில்லுகளின் பிறேக் அமைப்பு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டாகும். எம்.ஜி.பி.யின் பின்பிறேக் சில்லுக்குள்ளேயே இருக்கின்றது. சில்லைக் கழற்றினால் கைக்கு எட்டும். ஈ-ரைப்பின் வடிவமைப்பாளர், சில்லுகளின் பாரம் குறைந்தால் கார் வீதியில் இதமாக ஓடும் என்பதற்காக, பின்பிறேக்குத் தட்டுக்களைச் சில்லுகளிலிருந்து அகற்றி, நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டியின் இரு பக்கங்களிலும் அமைத்தனர். ஓட்டத்தைப் பொறுத்தவரை அஃது உயர்ந்த முறையே. ஆனால் பிறேக்கில் எழும் வெப்பம் பக்கத்திலுள்ள எண்ணெய் அடைப்பான்களைக் கெடுக்கும். எண்ணெய் கசிந்து தட்டில் படியும். பிறேக்குப் பிடியாமற் போகும். அதனை முறையாகத் திருத்துவதற்குப் பின்பகுதியின் தாங்கு அமைப்பு முழுவதையும் காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். ஓட்டுபவனுக்கு இன்பம் தந்த அதே அமைப்பு, திருத்துபவனுக்கு இரண்டு நாள் வேலையைத் தந்தது.

எம்.ஜி.பி. குறையில்லாத கார் என்று நேயர்கள் கருதிவிடக் கூடாது. அதிலும் கிளச்சை மாற்றுவதற்கு இயந்திரத்தை வெளியே எடுக்கவேண்டும். ஆயினும் அது சிறிய இயந்திரமாதலால் ஒரு கப்பியும் இரண்டு நண்பரும் இருந்தால் வீட்டுக் கொட்டிலிலே செய்து விடலாம். ஈ-ரைப்பிலோ முதலில் அந்த நீண்ட முன்மூடியைக் கழற்றி, பின்னர் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். 1974 வரை எம்.ஜி.பி.யில் ஒரு பற்றறிக்குப் பதிலாக ஆறு வோல்ற் பற்றறிகள் இரண்டு, இருக்கைகளின் பின்னே தரையின் கீழ் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கவனிப்பார் யார்? அவை நீரின்றி வற்றின. அமிலம் சிந்திச் சுற்றியுள்ள இரும்பையும் அரித்தது. கம்பிச் சில்லுகள் பூட்டிய கார்களில், சில்லைத் தாங்கும் அச்சின் பற்கள் தேய்ந்து போவது இரண்டு கார்களுக்கும் பொதுவான நோயாகும்.

இரண்டுக்கும் பொதுவான பெரும்பகை துருவே. இங்கிலாந்தில் மாரிகாலத்தில் வீதிப்பனியை உருக்குவதற்கு உப்பைத் தூவுவர். அவ்வுப்புநீர் காரின் அடிப்பகுதியில் புகுந்து இரும்பைத் தின்னும். எம்.ஜி.பி.க்குத் தனியான சட்டம் இல்லை. கதவுகளின் கீழே ஓடும் பெட்டிபோன்ற விளிம்புகளே காரின் முதுகெலும்பு. அவை உக்கிப் போனால் கார் நடுவில் வளையத் தொடங்கும். பழகியவர்கள் வாங்குமுன் கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இடைவெளியைக் கூர்ந்து பார்ப்பர். பக்கத்தில் ஜக் வைத்து உயர்த்தியதும் கதவு இறுகினால், மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் அக்காரை விட்டு விலகுவர். ஈ-ரைப்பிலோ நடுவுடல் தகட்டினாலும், இயந்திரத்தைத் தாங்கும் முன்பகுதி மெல்லிய உருக்குக் குழாய்களாலும் ஆனவை. குழாய் உட்புறமாகத் துருப்பிடித்தால் வெளியே தெரியாது. தெரியும் வேளையில் ஒட்டிச் சமாளிக்க இயலாது, சட்டத்தையே மாற்றவேண்டும்.

எரிபொருளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு நிறைவு பெறாது. ஆண்டுக்கு 8,000 மைல் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். எம்.ஜி.பி. கலனுக்கு ஏறக்குறைய 25 மைல் ஓடுமாயின் 320 கலன் பெற்றோல் வேண்டும். ஈ-ரைப் 18 மைல் ஓடுமாயின் 444 கலன் வேண்டும். வேறுபாடு ஆண்டுக்கு 124 கலன். வாங்குவோர் பெரும்பாலும் இக்கணக்கை மாத்திரம் போட்டுப் பார்த்து, இவ்வளவு தானே, தாங்கலாம் என்று துணிந்தனர். பெற்றோல் செலவு முன்கூட்டியே தெரிவது. வேண்டுமானால் குறைவாக ஓடி மிச்சம் பிடிக்கலாம். குடும்பங்களைக் கலங்கச் செய்தவை முன்னறிவிப்பின்றி வந்த பழுதுகளும், வலுமிக்க காரை ஓட்டும் இளைஞரிடம் காப்புறுதி நிறுவனங்கள் கேட்ட கூடிய கட்டணமுமே.

இதனிடையே காலமும் பெரிய காருக்கு எதிராகத் திரும்பிற்று. 1965இன் இறுதியில் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைல் என்னும் வேக எல்லை சோதனையாக விதிக்கப்பட்டு, 1967இல் நிரந்தரமாக்கப்பட்டது. 150 மைல் ஓடக்கூடிய காரும் 100 மைல் ஓடக்கூடிய காரும் சட்டத்தின் முன் ஒரே வேகத்தில் ஓடவேண்டியனவாயின. 1971இல் ஈ-ரைப்புக்குப் பன்னிரண்டு உருளைகளையுடைய 5.3 லீற்றர் இயந்திரம் பூட்டப்பட்டது. அதன் பெற்றோல் பசி இன்னும் பெரிது. 1973இல் மத்திய கிழக்குப் போரைத் தொடர்ந்து எண்ணெய் விலை பன்மடங்காக உயர்ந்தது. பங்கீட்டுச் சீட்டுக்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன, ஆயினும் பயன்படுத்த வேண்டிய தேவை ஏற்படவில்லை. மறு ஆண்டில் ஈ-ரைப்பின் உற்பத்தி முடிவுற்றது. செய்யப்பட்டவை எழுபத்தீராயிரத்துக்குச் சற்று அதிகம்.

1960இல் தொடங்கிய அரசாங்கப் பரிசோதனையும் இக்கதையில் ஒரு பங்கு கொண்டது. முதலில் பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்களே ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டன. 1967 முதல் மூன்றாண்டு நிரம்பிய கார்கள் யாவும் அதற்குட்பட்டன. 1977 முதல் உடற்கட்டின் உறுதியும் பார்க்கப்பட்டது. துருவை மண்பசையாலும் வர்ணத்தாலும் மூடி வைத்தவர்கள் அங்கே அகப்பட்டுக் கொண்டனர். திருத்துவதற்கு ஆகும் செலவு காரின் பெறுமதியைத் தாண்டியபோது, எத்தனையோ ஈ-ரைப்புக்கள் கொட்டில்களிலும் வேலியோரங்களிலும் கைவிடப்பட்டன. எத்தனையோ உடைத்து விற்கப்பட்டன. அவற்றைக் கெடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் அக்கார்களை மிகவும் நேசித்தவர்கள். வாங்கும் விலையைத் தேடி வைத்திருந்தார்கள், வைத்திருக்கும் செலவைத் தேடி வைக்கவில்லை. இந்த மாதம் எண்ணெய் மாற்றுவதை அடுத்த மாதத்துக்கு என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த மாதம் பிறேக்கை. அவ்வாறு ஒத்திவைத்த ஒவ்வொரு சிறு செலவும் வட்டியோடு திரும்பி வந்தது.

எம்.ஜி.பி.யின் கதை வேறுவிதமாகச் சென்றது. 1980 ஐப்பசியில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்படும் வரை, மூடிய கூரையுடைய ஜி.ரி. வகையும் சேர்ந்து, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் மிகப் பல அமெரிக்காவுக்குச் சென்றன. இவ்வளவு தொகை இருந்தமையால் உதிரிப்பாகம் செய்து விற்பது இலாபமான தொழிலாயிற்று. உதிரிப்பாகம் கிடைத்தமையால் கார்களும் வாழ்ந்தன. ஒன்று மற்றொன்றைத் தாங்கிற்று. 1988இல் பழைய அச்சுக்களையே தேடியெடுத்து, எம்.ஜி.பி.யின் உடற்கூடு முழுவதையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகளின் பின்னர், துருப்பிடித்த காருக்குப் புத்துடல் கிடைத்தது. அவ்வுடற்கூட்டை அடிப்படையாக வைத்தே 1992இல் எட்டு உருளை இயந்திரத்துடன் ஆர்.வி.8 என்னும் புதிய எம்.ஜி. வெளியாயிற்று. எளிமையே அக்காரின் ஆயுளாக அமைந்தது.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், அப்படியாயின் ஈ-ரைப்பை வாங்கியவன் மூடன், எம்.ஜி.பி.யை வாங்கியவன் அறிஞன் என்று முடிவு கட்டலாமா என வினவக்கூடும். வரலாறு அவ்வளவு எளிதான தீர்ப்பை நமக்குத் தருவதில்லை. 1980களின் பிற்பகுதியில் பழைய கார்களின் விலை திடீரென உயர்ந்தது. வேலியோரத்திற் கிடந்த ஈ-ரைப்பைத் தேடிப் பணம் படைத்தோர் அலைந்தனர். 1990ஐ அடுத்து அவ்விலை சரிந்து, கடன்பட்டு வாங்கியோர் நட்டப்பட்டனர். பின்னர் மெல்ல மெல்ல மீண்டும் ஏறி, இக்காலத்தில் முதல் தொடரைச் சேர்ந்த சிறந்த ஈ-ரைப் ஒன்று இலட்சம் பவுணையும் தாண்டி விற்பதுண்டு. நல்ல எம்.ஜி.பி. அதிலொரு சிறு பங்கே பெறும். ஆகவே 1970இல் ஈ-ரைப்பை வாங்கி, முறையாகப் பேணி, விடாது வைத்திருந்தவன் பெரும் இலாபம் அடைந்தான். ஆயின் அவன் அத்தனை ஆண்டும் அதற்குத் தீனி போட வல்லவனாக இருந்தான் என்பதை மறத்தலாகாது. தீனி போட இயலாதவன் விலை ஏறுமுன்னரே விற்றுவிட்டான். இலாபம் அவனிடமிருந்து வாங்கியவனுக்குச் சென்றது.

ஆகவே அவ்விளைஞன் தன்னைத் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, வாங்கிய பின் என் கையில் எவ்வளவு மிஞ்சும்? காரின் விலைக்குச் சமமான ஒரு தொகையை ஒதுக்கி வைக்க முடியாதவன் ஈ-ரைப்பின் அருகே செல்லாதிருப்பதே நன்று. இரண்டாவது, திருத்த வேலையில் எவ்வளவை என் கையாலே செய்ய வல்லேன்? செய்ய வல்லவனுக்கு எம்.ஜி.பி. பணத்தை மிச்சப்படுத்துவதோடு தொழிலையும் கற்பிக்கும். மூன்றாவது, இந்தக் குறிப்பிட்ட காரின் நிலை என்ன? பெயரும் குலமும் எப்படியாயினும், துருவற்ற எம்.ஜி.பி. துருப்பிடித்த ஈ-ரைப்பிலும் மேல். துருவற்ற ஈ-ரைப்புக்குக் கூடிய விலை கொடுப்பது, துருப்பிடித்த ஈ-ரைப்பை மலிவாக வாங்குவதிலும் மலிவு.

ஒரு செய்தியோடு இப்பேச்சை நிறைவு செய்கிறேன். குதிரைவலு வரியில் தொடங்கினோம் அல்லவா? இன்று இங்கிலாந்தில் நாற்பது ஆண்டு கடந்த பழைய கார்களுக்கு வீதி வரி இல்லை. 2018 முதல், பெருமாற்றம் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. ஈ-ரைப்பும் எம்.ஜி.பி.யும் அரசாங்கத்துக்கு இறுக்கும் வரி இன்று ஒன்றுமில்லை என்னும் அளவில் ஒன்றாகி விட்டன. அவ்வாறிருந்தும் இரண்டையும் வைத்திருக்கும் செலவு இன்னும் ஒன்றாகவில்லை, ஒன்றாகவும் மாட்டாது. சட்டம் வரியை நீக்கலாம், துருவையும் தேய்வையும் நீக்க அதனால் இயலாது. அவற்றுக்குரிய தீர்வையை வைத்திருப்பவனே செலுத்த வேண்டும். யானை எவ்வளவு அழகாயினும், தீனி எங்கிருந்து வரும் என்று முதலில் எண்ணிப் பார்ப்பவனுக்கே யானையும் மிஞ்சும், நிம்மதியும் மிஞ்சும்.